தாதியரின் பணிச்சோர்வு: தியானமும் யோகாவும் எவ்வளவு உதவும்?

இரவுக் கடமை முடிந்து வீடு வந்தும் உறக்கம் வருவதில்லை. நோயாளியின் உறவினர் ஒரு கேள்வி கேட்டாலே எரிச்சல் வருகிறது. எவ்வளவு செய்தும் பயனில்லை என்று தோன்றுகிறது. தாதியர் பலர் இதைத் தமது பலவீனம் என்று எண்ணி வெளியே சொல்வதில்லை.

இதுவே பணிச்சோர்வு. உலக சுகாதார ஸ்தாபனம் 2019 இல் இதற்கு மூன்று அடையாளங்களை வரையறுத்தது: கடும் களைப்பு, வேலையில் மனம் ஒட்டாமை, செயற்திறன் குறைந்துவிட்டதான உணர்வு. இதை அந்த ஸ்தாபனம் ஒரு நோயாக வகைப்படுத்தவில்லை. சரிவரக் கையாளப்படாத, நீடித்த வேலை அழுத்தத்தின் விளைவு என்றே சொல்கிறது.

எமது தாதியருக்கு இதில் இன்னொரு சுமையும் உண்டு. 1987 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வைத்தியசாலையில் வைத்தியர்களும் தாதியரும் கடமையிலேயே கொல்லப்பட்டனர். 2009 இல் வன்னியில் ஷெல் வீச்சுக்கு நடுவே காயங்களுக்கு மருந்து கட்டியவர்கள் இன்றும் எம்மிடையே வாழ்கின்றனர். 2022 பொருளாதார நெருக்கடியின்போது மருந்துத் தட்டுப்பாட்டையும் இவர்களே நோயாளிகளின் முன் நின்று சமாளித்தனர்.

போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவ நிபுணர் தயா சோமசுந்தரம் மூச்சுப்பயிற்சி, சாந்தியாசனம், மந்திர உச்சாடனம் போன்ற எமது பழைய முறைகளைச் சிகிச்சையில் பயன்படுத்தினார். சைவர் 'ஓம்' என்றும், கத்தோலிக்கர் செபமாலையுடனும், முஸ்லிம்கள் திக்ர் மூலமும் அவரவர் வழியில் இதைச் செய்யலாம். சுகாதார ஊழியர்கள் பற்றிய நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2023 இல் வெளியான கொக்ரேன் மீளாய்வும், இத்தகைய பயிற்சிகள் மன அழுத்தத்தை ஓரளவு குறைக்கக்கூடும் என்கிறது.

தொடங்குவது எளிது. விடுதிக்குள் நுழையுமுன் ஐந்து தடவை மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக வெளியே விடுங்கள். வீடு வந்ததும் பத்து நிமிடம் சாந்தியாசனத்தில் படுத்து, பாதம் முதல் தலை வரை ஒவ்வொரு உறுப்பாகத் தளர்த்துங்கள்.

ஓர் எச்சரிக்கை: கண்ணை மூடியதும் போர்க்காலக் காட்சிகள் மேலெழுந்தால் பயிற்சியை நிறுத்துங்கள். கண்களைத் திறந்து, பாதம் நிலத்தில் படுவதை உணருங்கள். காட்சிகள் தொடர்ந்தால் உளநலப் பிரிவை நாடுங்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

ஆனால் ஒருவர் இருவரின் வேலையைச் செய்யும் விடுதியில் மூச்சுப்பயிற்சி மட்டும் போதாது. போதிய ஆளணியும் ஒழுங்கான ஓய்வும் நிர்வாகத்தின் பொறுப்பு. தியானம் தாதியரைத் தாங்கிப்பிடிக்கும். அந்தப் பொறுப்பைத் தட்டிக்கழிக்க அது ஒரு சாட்டாகிவிடக் கூடாது.