மக்கில் அச்சிட்ட ஊரும், டம்ளரில் வெட்டிய பேரும்

இது ஒரு காபி மக் பற்றிய இழை. கொஞ்சம் நீளம். டீயோ காபியோ கையில் வைத்துக்கொண்டு படிங்க.

அடிக்கடி வெளியூர் போய்வரும் நண்பர் யாராவது ஒருத்தர் வீட்டு ஷோகேஸைப் பாருங்க. வரிசையா பீங்கான் மக் நிற்கும். ஒன்றில் சிங்கப்பூர், ஒன்றில் துபாய், ஒன்றில் டெல்லி. ஊர்ப் பேரும் அந்த ஊருக்கு அடையாளமான நாலு படமும் போட்டிருக்கும். 2012இல் டாடாவோடு சேர்ந்து ஸ்டார்பக்ஸ் இந்தியாவுக்குள் வந்த பிறகு, இந்தச் சேகரிப்பு ஆசை நம்ம பக்கமும் வந்துவிட்டது. கான்ஃபரன்ஸ் போகும் டாக்டர்கள் இதில் முன்னணி என்பது எங்க வட்டத்தில் ஊரறிந்த ரகசியம்.

அந்த மக்குக்கு ஏன் இவ்வளவு மவுசு? அந்த ஊர் மக்கை அந்த ஊருக்குப் போய்த்தான் வாங்கணும். "நான் அங்க போயிருக்கேன்" என்பதற்கு அது ஒரு சாட்சி.

இது காபிக் கம்பெனி கண்டுபிடித்த யோசனை இல்லை. 1880களிலேயே இங்கிலாந்தில் வந்துவிட்டது. ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் நகரில் பீங்கான் செய்துகொண்டிருந்த வில்லியம் ஹென்றி காஸ் என்பவரின் மகன் அடால்ஃபஸ், சின்னச் சின்ன வெள்ளைப் பீங்கான் சாமான்களில் ஒவ்வொரு ஊரின் சின்னத்தையும் வரைந்து விற்கலாம் என்றார். ஒரு ஊர்ச் சின்னம் போட்ட சாமானை அந்த ஊரில் இருக்கும் ஏஜென்ட் மட்டும்தான் விற்கணும் என்று கட்டுப்பாடும் வைத்தார்கள். அப்போதுதான் ரயிலும் பொது விடுமுறையும் சேர்ந்து சாதாரண ஆட்களையும் ஒருநாள் கடற்கரைப் பயணம் போக வைத்திருந்தன. திரும்பி வரும்போது கையில் ஏதாவது வேணுமே! 1904இல் இந்தப் பீங்கானைச் சேகரிப்பவர்களுக்கென்று தனிச் சங்கமே வந்துவிட்டது.

ஊருக்கு மட்டும் இல்லை, ராஜா முடிசூட்டிக்கொண்டாலும் மக் போட்டார்கள். 1902 ஜூன் 26 அன்று ஏழாம் எட்வர்டுக்கு முடிசூட்டு விழா என்று தேதி குறித்து, மக்கெல்லாம் தயார். விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் ராஜாவுக்கு அப்பெண்டிக்ஸ் பக்கத்தில் சீழ்க்கட்டி. ஃபிரெடரிக் டிரீவ்ஸ் அறுவை சிகிச்சை செய்தார். ராஜா பிழைத்தார். விழா ஆகஸ்ட் 9க்குத் தள்ளிப்போனது. ஜூன் 26 என்று தேதி போட்ட மக்குகள் மட்டும் மாற வழியில்லாமல் அப்படியே இன்றும் சேகரிப்பாளர்களிடம் இருக்கின்றன. சர்ஜரி வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுத்திருந்தால் அப்பெண்டிக்ஸ் பாடம் இன்னும் நல்லா மனசில் நின்றிருக்கும்.

இன்னொரு முடிசூட்டு மக்கின் கதை இப்படிச் சிரிக்கிற மாதிரி இல்லை.

1896 மே மாதம். ரஷ்யாவில் இரண்டாம் நிக்கோலஸ் முடிசூட்டிக்கொண்டார். மாஸ்கோவின் கோதின்கா மைதானத்தில் மக்களுக்கு இலவசப் பரிசு என்று அறிவிப்பு. ஒரு துணியில் கட்டிய ரொட்டி, கொஞ்சம் இறைச்சி, இனிப்பு, கூடவே ராஜ முத்திரை போட்ட ஒரு எனாமல் குவளை. சுமார் நாலு லட்சம் பொட்டலம் தயாராக இருந்தது. விடிவதற்குள் வந்த கூட்டமோ ஐந்து லட்சம் என்கிறார்கள். "எல்லாருக்கும் பத்தாதாம்", "குவளைக்குள்ள தங்கக் காசு இருக்காம்" என்று வதந்தி கிளம்பியது. மைதானம் முழுக்கப் பள்ளமும் குழியும். அதிகாரபூர்வக் கணக்குப்படியே 1,389 பேர் செத்தார்கள்.

இங்கே ஒரு விஷயம், டாக்டராகச் சொல்கிறேன். நெரிசலில் பெரும்பாலானோர் மிதிபட்டுச் சாவதில்லை. நின்ற நிலையிலேயே நாலு பக்கமும் அழுத்தி, நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சு நின்றுதான் சாகிறார்கள். 2005 டிசம்பரில் சென்னை எம்.ஜி.ஆர். நகரில் வெள்ள நிவாரண டோக்கன் வாங்க நின்ற கூட்டத்தில் 42 பேர் செத்ததை நினைத்துப் பாருங்க. அங்கேயும் வதந்தி, விடிகாலை, கூட்டம். குவளைக்குப் பதில் டோக்கன், அவ்வளவுதான்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இப்படி ஒரு மக் போட்டால் என்ன படம் போடுவார்கள்? சேலத்துக்கு மாம்பழம், ஏற்காடு, செவ்வாய்ப்பேட்டைக் கொலுசு. நாமக்கல்லுக்கு மலைக்கோட்டை, ஆஞ்சநேயர், முட்டை, லாரி. திருச்செங்கோட்டுக்காரர்கள் ரிக் வண்டி இல்லாமல் விடமாட்டார்கள்.

ஆனா நம்ம வீடுகளில் நினைவுக் குவளை ஏற்கெனவே இருக்கு. காசிக்குப் போனவர்கள் கங்கைத் தண்ணீரை அடைத்துக் கொண்டுவந்த செம்புச் சொம்பு ஒன்று. அதைவிட முக்கியமானது, நீங்க தினமும் தண்ணி குடிக்கிற எவர்சில்வர் டம்ளர். கல்யாணச் சீர், காதுகுத்து, புண்ணியார்ச்சனை என்று எதற்குப் பாத்திரம் வாங்கினாலும் கடையிலேயே பேர் வெட்டித் தருவார்கள். பித்தளைக் காலத்தில் உளியால் தட்டித் தட்டி வெட்டினார்கள். எவர்சில்வருக்கு அதிர்கிற கரண்ட் பேனா வந்தது. புள்ளி புள்ளியா எழுத்து விழும்.

அதில் ஊர்ப் படம் இருக்காது. யார் கொடுத்தது, யாருக்கு, என்றைக்கு என்பது மட்டும் இருக்கும். வெள்ளைக்காரன் மக் "எங்கே போனேன்" என்று சொல்லும். நம்ம டம்ளர் "யார் வந்தாங்க" என்று சொல்லும்.

அந்த எவர்சில்வர் சாதாரண வீட்டுக்கு வந்ததில் சேலத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1913இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி, துப்பாக்கிக் குழாய் தேயாமல் இருக்க வழி தேடும்போது கண்டறிந்த துருப்பிடிக்காத எஃகு, நம்ம நாட்டில் ரொம்ப நாள் விலை உயர்ந்த பொருளாகவே இருந்தது. கஞ்சமலையில் இரும்புத் தாது இருக்கு, அதை வைத்துச் சேலத்தில் உருக்காலை வேணும் என்பது இந்தப் பகுதியின் நீண்ட காலக் கோரிக்கை. 1830களிலேயே ஹீத் என்ற ஆங்கிலேயர் சேலத்துத் தாதுவை நம்பிப் பரங்கிப்பேட்டையில் ஆலை போட்டுப் பார்த்தவர். 1970 செப்டம்பரில் இந்திரா காந்தி சேலம் உருக்காலைக்கு அடிக்கல் நாட்டினார். 1981இல் உற்பத்தி தொடங்கியது. வேடிக்கை என்னவென்றால், கஞ்சமலைத் தாது அதற்குள் போகவே இல்லை. வெளியிலிருந்து வந்த எஃகுச் சுருளை மெல்லிய தகடாக உருட்டுவதுதான் முதல் வேலை. சொந்தமாக எஃகு உருக்கும் பிரிவு 2010இல்தான் வந்தது. ஆனா "சேலம் ஸ்டெயின்லெஸ்" என்ற பேர் நாடு முழுக்கச் சமையலறைக்குள் போய்விட்டது. பாட்டிகள் பித்தளையைக் கொடுத்துவிட்டு எவர்சில்வருக்கு மாறினார்கள்.

இதே டம்ளருக்கு அழகில்லாத ஒரு வரலாறும் உண்டு. அதைச் சொல்லாமல் போனால் பொய்யாகிவிடும். நம்ம பக்கத்து டீக்கடைகளில் ஒரு சாராருக்கு ஒரு டம்ளர், பட்டியல் சாதியினருக்குத் தனி டம்ளர் என்று இருந்தது. அரசியலமைப்பு 1950இலேயே தீண்டாமையை ஒழித்தது. 1955இல் தண்டனைச் சட்டமும் வந்தது. அதற்குப் பிறகும் பல காலம் இரட்டைக் குவளை நீடித்தது. அந்தத் தனிக் குவளையில் யாரும் பேர் வெட்டவில்லை. ஆனா யாருடையது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

இப்போ அந்த வெட்டு எழுத்தால் ஒருத்தருக்கு நடந்த நல்லது. ராசிபுரம் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து ஒரு பாட்டியம்மா வயதுச் சான்றுக்கு வந்தாங்க. பிறப்பைக் கட்டாயம் பதியணும் என்ற சட்டமே 1969இல்தான் வந்தது. இவங்க அதற்கு முந்தைய தலைமுறை. அடையாள அட்டையில் யாரோ குத்துமதிப்பா போட்ட வருஷம். அதன்படி அறுபதே ஆகலை, முதியோர் பென்ஷன் கிடைக்காது. இருபத்தைந்து வயதுக்குள் எலும்பு முனைகள் சேர்ந்துவிடும். அதற்கு மேல் எக்ஸ்ரே பெருசா உதவாது. "உங்களுக்கு ஞாபகம் இருக்கிற தேதி ஏதாவது சொல்லுங்கம்மா" என்றேன். "நான் பெரியமனுசி ஆனப்ப எங்க மாமன் வெச்ச கொடம் இருக்குது சாமி, அதுல வெட்டியிருக்கும்" என்றாங்க. பேரன் போனில் படம் அனுப்பச் சொன்னான். பித்தளைக் குடத்தின் கழுத்தில் மாமன் பேர், இனிஷியலோடு. கீழே 12.9.58.

அப்போ அவங்களுக்குப் பதிமூன்றோ பதினாலோ இருந்திருக்கும். கணக்கு போட்டால் எண்பதை ஒட்டி வருது. குடம் சட்டப்படி ஆதாரம் இல்லை. பல், கண், உடல் பரிசோதனையோடு சேர்த்துப் பார்க்கும்போது எங்க மதிப்பீட்டுக்கு ஒரு பிடிமானம். சான்று எழுதிக் கொடுத்தோம்.

கடைசியா மருத்துவக் குறிப்பு இல்லாமல் விட்டால் என்னைத் திட்டுவீங்க. பழைய படம் போட்ட மக், கண்ணாடி டம்ளரெல்லாம் ஷோகேஸோடு இருக்கட்டும். மேற்பூச்சு வண்ணத்தில் காரீயமும் காட்மியமும் இருக்கலாம். 2010இல் அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் ஒரு கோடியே இருபது லட்சம் படக் கண்ணாடி டம்ளர்களை காட்மியம் காரணமாகத் திரும்பப் பெற்றது. வாய் படுகிற விளிம்பில் வண்ணம் இருந்தால், உள்பக்கம் கீறல் விழுந்திருந்தால், எலுமிச்சை ஜூஸ் மாதிரிப் புளிப்பு எதையும் ஊற்றாதீங்க. குழந்தைகளுக்கு அதில் பால் கொடுக்கவே வேண்டாம். பித்தளையில் சமைத்தால் உள்ளே பூசுவது வெள்ளீயம்தானா என்று கேட்டுக்கோங்க. காரீயம் வேறு, அது விஷம்.

இப்போ கல்யாணப் பரிசுக்கு போட்டோ அச்சிட்ட மக் வந்துவிட்டது. நாமக்கல் ஸ்டுடியோ எதிலும் அரைமணி நேரத்தில் தருவார்கள். தேய்த்துத் தேய்த்துக் கழுவினால் மாப்பிள்ளை முகம் மங்கும். பழைய பித்தளையும் எவர்சில்வரும் எடைக்குப் போய்க்கொண்டிருக்கு. போடுவதற்கு முன்னால் கவிழ்த்துப் பாருங்க, கழுத்தைப் பாருங்க. எழுத்து இருந்தால் ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. உங்க வீட்டுப் பாத்திரத்தில் இருக்கிற ஆகப் பழைய தேதி எது?