ஒற்றை லாரி முதலாளியின் கதை: நாமக்கல்

நாமக்கல் என்றதும் பலருக்கு முட்டையும் ஆஞ்சநேயரும்தான் நினைவுக்கு வரும். அந்த ஊருக்கு மூன்றாவதாக ஒரு முகம் உண்டு. அதுதான் லாரி. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்து லாரிகள் ஓடாத மாநிலம் இந்தியாவில் அரிது.

இது எப்படி நடந்தது? மழை குறைந்த மேட்டு நிலம், விவசாயத்தை மட்டும் நம்பிப் பிழைப்பது கடினம். 1954-ல் டாடா - பென்ஸ் லாரிகளும், 1955-க்குப் பிறகு அசோக் லேலண்ட் லாரிகளும் வந்தபோது, நிலத்தில் போட்ட பணத்தைச் சக்கரத்தில் போடத் துணிந்தன இப்பகுதிக் குடும்பங்கள். கம்பெனி தருவது பெரும்பாலும் வெறும் சேஸ்தான். அதற்குப் பாடி கட்ட தச்சர், வெல்டர், பெயிண்டர் எல்லோரும் இங்கே பட்டறை போட்டார்கள். கிளீனராக ஏறியவர் டிரைவரானார். டிரைவர் கூட்டுச் சேர்ந்து பழைய வண்டி ஒன்று வாங்கி முதலாளியானார்.

பழைய வண்டிக்கு வங்கிகள் எளிதில் கடன் தராத காலம் அது. உள்ளூர் பைனான்ஸ்காரர்களும், 1979-ல் சென்னையில் தொடங்கிய ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் பைனான்ஸ் போன்ற நிறுவனங்களும்தான் கை கொடுத்தன. லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதம் பிறந்தால் டியூ கட்டியாக வேண்டும். ஒற்றை லாரி முதலாளியின் வாழ்க்கையை நடத்துவது இந்த ஒரு தேதிதான்.

அடுத்தது பர்மிட். 1975-ல் நேஷனல் பர்மிட் வந்தது. ஆனால் போக வேண்டிய மாநிலங்களைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே வரி கட்ட வேண்டியிருந்தது. ஒரே கட்டணத்தில் நாடு முழுக்க ஓடும் முறை வந்தது 2010-ல்தான்.

வாடகை கட்டுப்படியாகாதபோது கூடுதல் பாரம் ஏற்றிச் சரிக்கட்டுவது வழக்கமாக இருந்தது. சில மாநிலங்கள் பணம் வாங்கிக்கொண்டு அதை அனுமதிக்கவும் செய்தன. 2005 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. 2018 ஜூலையில் மத்திய அரசே அச்சுப் பார வரம்பை உயர்த்தியது. நல்ல செய்திதானே என்று தோன்றும். ஆனால் அதே சரக்கைக் குறைந்த வண்டிகளே ஏற்றிவிட்டால், மீதி வண்டிகள் லோடு இல்லாமல் நிற்கும், வாடகையும் இறங்கும்.

சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. டீசல் விலையை எண்ணெய் நிறுவனங்கள் வைக்கின்றன (2014 அக்டோபரில் அரசு கட்டுப்பாட்டைக் கைவிட்டது). டோல்கேட், இன்சூரன்ஸ், டயர், எஃப்.சி. எதிலும் பேரம் கிடையாது. பேரம் பேசக்கூடியது வாடகை ஒன்றுதான். அதையும் பேசுவது புக்கிங் ஆபீஸ் புரோக்கர். போகும்போது நல்ல வாடகை கிடைத்தாலும், வெளி மாநிலத்தில் ரிட்டர்ன் லோடுக்காக நாள்கணக்கில் காத்திருக்கும் வண்டி கிடைத்த வாடகைக்குத் தலையாட்டும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து விற்பனைவரிச் சோதனைச்சாவடிகள் போயின, பயண நேரம் மிச்சமானது. ஆனால் மிச்சமான நேரத்துக்கு லோடு கிடைத்தால்தான் காசு.

நிலையான ஒப்பந்தம் இருந்தால் கவலை தீருமா? சமையல் எரிவாயு டேங்கர் லாரிகளுக்கும் நாமக்கல்தான் மையம். எண்ணெய் நிறுவனங்களின் புதிய ஒப்பந்த விதிகளை, குறிப்பாக இரண்டு அச்சு வண்டிகளுக்கு முன்னுரிமை குறைந்ததை எதிர்த்து 2025 மார்ச் இறுதியில் டேங்கர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சில நாட்களில் அது முடிந்தது. விதி மாறினால், டியூ முடியாத வண்டியே பழைய வண்டி ஆகிவிடும் என்பதை அது காட்டியது.

பத்து வண்டி வைத்திருப்பவர் ஒரு வண்டி நின்றால் மற்ற ஒன்பதில் ஈடுகட்டுவார். ஒரே வண்டிக்காரருக்கு அந்த வண்டி நின்றால் வீடே நிற்கும். கிளீனரை முதலாளியாக்கிய ஊர் என்ற பெருமை நாமக்கல்லுக்கு உண்டு. அந்த ஏணி இன்னும் சாய்க்கப்படவில்லை. ஆனால் அதில் ஏறுபவர் ஒவ்வொரு படியையும் கடனில்தான் வாங்குகிறார்.