லிஞ்ச்: கறுப்பினச் சுரங்கத் தொழிலாளர் வாழ்ந்த மலையூர்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், ஹார்லன் மாவட்டத்தின் பிளாக் மலையடிவாரத்தில் உள்ள சிற்றூர் லிஞ்ச். யு.எஸ். ஸ்டீல் நிறுவனத்தின் துணை நிறுவனமொன்று, உருக்காலைகளுக்கு நிலக்கரி எடுப்பதற்காக 1917இல் இவ்வூரை உருவாக்கியது. பெயரைக் கேட்டதும் கறுப்பினத்தவர் மீதான கும்பல் கொலைகள் நினைவுக்கு வரலாம். உண்மையில் இது நிறுவனத் தலைவராக இருந்த தாமஸ் லிஞ்ச்சின் பெயர்.

அப்பலாச்சிய மலைமக்கள் என்றாலே ஏழை வெள்ளையர் என்னும் பொதுப்பிம்பத்தை இவ்வூரின் வரலாறு உடைக்கிறது. இங்கு பிறந்த சமூகவியலாளர் வில்லியம் டர்னர் அவ்வரலாற்றைத் தொடர்ந்து எழுதிவருகிறார். கறுப்பினத் தொழிலாளர் பலர் அலபாமாவிலிருந்து திரட்டப்பட்டனர். கைதிகளைச் சுரங்கங்களுக்குக் குத்தகைக்கு விடும் கொடுமை 1928 வரை நீடித்த மாநிலம் அது. அங்கிருந்து வந்தவர்களுக்கு லிஞ்ச் ஒரு விடுதலையாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் நிலத்தடியில் ஒரே சுரங்கத்தில் உழைத்தவர்கள் மேலே வந்ததும் நிறவாரியாகப் பிரிக்கப்பட்ட குடியிருப்புகளுக்கே திரும்பினர்.

வீடு, கடை, மருத்துவமனை அனைத்தும் நிறுவனத்தின் உடைமை. வேலை போனால் வீடும் போகும். தொழிற்சங்கம் அமைக்க முனைவோரை அடக்க இதைவிடக் கூரிய ஆயுதம் தேவையில்லை. 1960களின் தொடக்கத்தில் வீடுகள் குடியிருந்தோருக்கே விற்கப்பட்டன. நிலக்கரியோ நிறுவனத்திடமே இருந்தது.

பள்ளியின் கதை நம் கவனத்துக்குரியது. கென்டக்கியின் 1891ஆம் ஆண்டு அரசியலமைப்பு, வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் தனித்தனிப் பள்ளிகளைக் கட்டாயமாக்கியது. அத்தகைய பிரிவினை செல்லாது என 1954இல் பிரவுன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. லிஞ்ச்சில் அது நடைமுறைக்கு வர 1963 ஆயிற்று. அப்போது மூடப்பட்டது கறுப்பினப் பள்ளிதான். வெள்ளையர் பள்ளி தொடர்ந்தது. பிரிவினையை ஒழிப்பது என்றால் ஒடுக்கப்பட்டோர் கட்டி வளர்த்ததைக் கலைப்பது என்றே அதிகாரத்திலிருந்தோர் பொருள் கொண்டனர். தீர்ப்பு உரிமையை அளித்தது. அதற்கான விலையை யார் கொடுப்பது என்று அது சொல்லவில்லை.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் சுரங்கங்களில் இயந்திரங்கள் புகுந்தன. வேலையிழந்தோரில் கறுப்பினத்தவரே முன்வரிசையில் இருந்தனர். அவர்களது குடும்பங்கள் டெட்ராய்ட், கிளீவ்லாந்து, சிகாகோ எனப் பெயர்ந்தன. ஒருகாலத்தில் ஏறத்தாழ 10,000 பேர் வாழ்ந்த ஊரில் 2020 கணக்கெடுப்பின்படி எஞ்சியோர் 658 பேர். பெயர்ந்தோர் அமைத்த கிழக்குக் கென்டக்கி சமூக மன்றம், பல நகரங்களில் கிளைகளுடன் ஆண்டுதோறும் ஒன்றுகூடல்களை நடத்துகிறது. மூடப்பட்ட கறுப்பினப் பள்ளியின் கட்டடம் இன்று அம்மன்றத்தின் லிஞ்ச் கிளைக்குரியது. ஒவ்வோர் ஆண்டும் மே மாத இறுதியில், நினைவு நாள் விடுமுறையின்போது, பெயர்ந்தவர்களும் அவர்தம் பிள்ளைகளும் அங்கு வந்து கூடுகின்றனர்.