திண்ணை மணலிலிருந்து கற்றல் ஏணி வரை: ஆய்வு ஆசிரியருக்குப் பயன்பட்ட வரலாறும் பயன்படாத வரலாறும்

கல்வியியலில் ஆய்வேடு எழுதுவோர் அனைவரும் இறுதி இயலில் ‘கல்விசார் பயன்பாடுகள்’ என்றொரு பகுதியை எழுதுவது மரபு. ஆசிரியர்கள் இன்ன உத்தியைக் கையாள வேண்டும், இன்ன பயிற்சியைப் பெற வேண்டும் என்று அதில் சில வரிகள் இடம்பெறும். ஆய்வேடு நூலகத்துக்குச் செல்லும். பட்டம் ஆய்வாளருக்கு வரும். அவ்வரிகள் யாருக்காக எழுதப்பட்டனவோ அந்த வகுப்பாசிரியரின் கைக்கு அவை சென்று சேர்வது அரிது. ஆகவே ஆய்வு வழி உருவான கற்பித்தல் உத்திகள் வகுப்பாசிரியருக்கு மெய்யாகவே பயன்படுகின்றனவா என்ற வினா, ஆசிரியரைவிட நம்மைப் போன்ற ஆய்வு மாணவர்களையே முதலில் நோக்கி எழுகிறது.

இவ்வினாவுக்கு வரலாற்றில் விடை தேட நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. காணிப்பாக்கத்தைச் சூழ்ந்த சித்தூர், திருப்பதி வட்டாரமும் அதனை ஒட்டிய தமிழகமும் போதிய சான்றுகளைத் தருகின்றன. ‘காணி’, ‘பாக்கம்’ என்னும் சொற்களைத் தன் பெயரில் தாங்கிய அவ்வூர், தெலுங்கும் தமிழும் ஒருங்கே புழங்கும் எல்லைப் பகுதியைச் சேர்ந்தது. பழைய வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு 1911இல் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டது. எவருடைய பிறந்த நாளை ஆசிரியர் நாளாகக் கொண்டாடுகிறோமோ அந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் பிறந்த திருத்தணியும் 1960 வரை இம்மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது. அவர் பள்ளிக் கல்வி கற்ற ஊர்களுள் திருப்பதியும் ஒன்று. 2022 வரை இம்மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளிப் பகுதியில்தான், பின்னர் தமிழகத்தின் தொடக்கப் பள்ளிகளையே மாற்றியமைத்த ஒரு கற்பித்தல் முறை உருவாயிற்று. அதற்கு இரு நூற்றாண்டுகள் முன்பு நிகழ்ந்த ஒன்றிலிருந்து தொடங்குவது பொருத்தம்.

எழும்பூரில் ஒரு சோதனை

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் 1787இல் சென்னைக்கு வந்தார். 1789இல் எழும்பூரில் இருந்த இராணுவ ஆண் அனாதையர் விடுதிப் பள்ளியின் கண்காணிப்பாளரானார். ஒரு நாள் திண்ணைப் பள்ளி ஒன்றைக் கடந்து சென்றபோது, சிறுவர்கள் மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் பள்ளியிலும் அவ்வாறே கற்பிக்குமாறு ஆசிரியர்களிடம் கூறினார். அவர்கள் அதனை ஏற்கவில்லை; இயலாத காரியம் என்றனர். உடனே பெல், எட்டு வயதுச் சிறுவனான ஜான் பிரிஸ்கன் என்பவனிடம் கீழ்வகுப்பை ஒப்படைத்தார். மணலில் எழுத்துகளைக் கற்பிக்கும் பணியை அவன் செய்து முடித்தான்.

1797இல் பெல் இலண்டனில் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே ‘கல்வியில் ஒரு சோதனை’ என்னும் தொடர் இடம்பெற்றிருந்தது. கற்பித்தல் முறையொன்றைச் சோதனை என்று பெயரிட்டு முன்வைத்த தொடக்ககால நூல்களுள் அது ஒன்று. அதன் அடித்தளமாக இருந்தவை திண்ணைப் பள்ளியின் இரு வழக்கங்கள்: மணலில் எழுதுதல், முன்னேறிய மாணவனாகிய சட்டாம்பிள்ளை பிறருக்குக் கற்பித்தல். இவ்விரண்டையும் பெல் கண்டறிந்தார் என்பதைவிடக் கண்டு எடுத்துக்கொண்டார் என்பதே சரியான கூற்று.

‘சென்னை முறை’ எனப் பெயர் பெற்ற இது இங்கிலாந்தில் பெரும் இயக்கமாயிற்று. 1811இல் தொடங்கப்பட்ட தேசிய கழகம் அதனைத் தன் பள்ளிகளில் பரப்பியது. ஜோசப் லங்காஸ்டரின் பள்ளிகளிலும் இதனையொத்த முறையே நடைமுறையில் இருந்தது. ஓர் ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்னும் செலவுக் கணக்கு ஆள்வோரைக் கவர்ந்தது. விரைவிலேயே அம்முறை மணியடித்தால் எழுந்து, மணியடித்தால் அமரும் ஒப்பித்தலாகச் சுருங்கியது. 1846இல் மாணவ ஆசிரியர் பயிற்சித் திட்டம் அங்கு வந்தபின் அது பின்னுக்குச் சென்றது. திண்ணையில் ஆசிரியர் கைக்குள் இருந்தவரை நெகிழ்வோடு விளங்கிய வழக்கம், நிருவாகத்தின் கைக்கு மாறியபோது விறைத்துப் போயிற்று. இந்த நிகழ்வு மீண்டும் மீண்டும் நிகழ்வதைப் பின்னர்க் காண்போம்.

வகுப்பு என்னும் பிரிவினை

சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் மாகாணத்தின் நாட்டுப் பள்ளிகளைப் பற்றிக் கணக்கெடுக்குமாறு ஆட்சியர்களுக்கு ஆணையிட்டார். 1826இல் அவர் பதிவு செய்த குறிப்பின்படி, ஏறத்தாழ ஒரு கோடியே 28 இலட்சம் மக்களுக்கு 12,498 பள்ளிகள் இருந்தன. ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க வேண்டும் என்பதும் அவர் முன்வைத்த கருத்துகளுள் ஒன்று. 1856இல் சென்னையில் தோன்றிய அரசு ஆசிரியர் பயிற்சிப் பள்ளியே பின்னாளில் சைதாப்பேட்டைக் கல்லூரியாக வளர்ந்தது.

அதன்பின் பரவிய பள்ளி அமைப்பு, ஒரு வயதுக்கு ஒரு வகுப்பு, ஒரு வகுப்புக்கு ஓர் ஆசிரியர், அனைவருக்கும் ஒரே நாளில் ஒரே பாடம் என்னும் கொள்கையின்மீது எழுந்தது. திண்ணைப் பள்ளியில் ஒவ்வொரு பிள்ளையும் தனக்குரிய சுவடியோடு தனக்குரிய வேகத்தில் நகர்ந்தது. புதிய அமைப்பில் வகுப்பே நகர்ந்தது. திண்ணைப் பள்ளியை இதனால் போற்றிப் பாட வேண்டியதில்லை. அங்குப் பிரம்படி இருந்தது. ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும் பெரும்பாலான பெண்களுக்கும் அதன் திண்ணையில் இடமிருக்கவில்லை. ஆயினும் வேறுபட்ட நிலையிலுள்ள பிள்ளைகளை ஓர் ஆசிரியர் எவ்வாறு கையாள்வது என்ற வினாவுக்கு அதனிடம் ஒரு விடை இருந்தது. புதிய அமைப்பிடம் அவ்விடை இல்லை. ஊரகத்தில் ஐந்து வகுப்புகளுக்கு ஓரிரு ஆசிரியர்களே இருக்கும்போது அக்குறை வெளிப்பட்டது. அவ்வாசிரியரிடம் அரசு ஐந்து பாடநூல்களை அளித்தது. ஐந்தையும் ஒரே அறையில் ஒரே வேளையில் நடத்தும் வழியை அளிக்கவில்லை.

ரிஷி பள்ளத்தாக்கின் விடை

ஜே. கிருஷ்ணமூர்த்தி பிறந்த ஊர் மதனப்பள்ளி. அவருடைய சிந்தனையில் உருவான ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளி அதன் அருகில் உள்ளது. அப்பள்ளியின் ஊரகக் கல்விப் பணியில் 1980களின் பிற்பகுதி முதல் ஈடுபட்ட பத்மநாப ராவ், ரமா இணையர், சுற்றுப்புறச் சிற்றூர்களில் ஓராசிரியர் துணைப் பள்ளிகளை நடத்தியபடியே மேற்கூறிய வினாவுக்கு விடை தேடினர்.

அவர்கள் பாடநூலைச் சிறு சிறு கற்றல் படிகளாகப் பிரித்தனர். அப்படிகளை வரிசைப்படுத்தியது ‘கற்றல் ஏணி’. ஒவ்வொரு படித்தொகுதிக்கும் அறிமுகம், வலுவூட்டல், மதிப்பீடு, குறைதீர் பயிற்சி, வளமூட்டல் என ஐவகைச் செயல்களுக்கான அட்டைகள் உருவாக்கப்பட்டன. ஒவ்வோர் அட்டையிலும் ஒரு சின்னம் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளையும் ஏணியில் தன் இடத்தைக் கண்டு, சின்னத்தைப் பார்த்து உரிய அட்டையைத் தானே எடுத்துக்கொள்ள இயலும். நோயாலோ அறுவடைக் காலத்தாலோ பத்து நாள் வராத பிள்ளை, திரும்பி வந்ததும் விட்ட படியிலிருந்தே தொடரலாம். ஆசிரியர் முழுமையாக உதவும் குழு, ஓரளவு உதவும் குழு, சக மாணவர் உதவும் குழு, தனியே கற்கும் குழு என அறை பிரியும். ஆசிரியரின் நேரம் அது மிகத் தேவைப்படும் பிள்ளைகளிடம் சென்று சேரும்.

இதனை ஆய்வு எனலாமா? எனலாம். ஓர் அட்டை வகுப்பறையில் பயன்படுத்தப்படும். பிள்ளைகள் எங்குத் தடுமாறுகின்றனர் என்று கவனிக்கப்படும். அட்டை மாற்றி எழுதப்படும். கருதுகோளும் சோதனையும் திருத்தமும் அதில் உள்ளன. பொது வழக்கத்தோடு அது வேறுபடுவது ஓர் இடத்தில்தான்: ஆய்வின் முடிவு ஓர் அறிக்கையாக அமையவில்லை; நாளைக் காலை வகுப்பில் எடுத்துப் பயன்படுத்தத் தக்க கருவியாக அமைந்தது.

எல்லை கடந்த முறை

1995இல் கருநாடகத்தின் மைசூர் மாவட்டத்து ஹெக்கடதேவனகோட்டை வட்டத்து ஆசிரியர்கள் ரிஷி பள்ளத்தாக்குக்குச் சென்று இம்முறையைக் கண்டனர். திரும்பி வந்து, தம் பிள்ளைகளுக்கேற்ற அட்டைகளைத் தாமே உருவாக்கினர். ‘நலி கலி’ என்னும் திட்டம் அவ்வாறு பிறந்தது.

தமிழகத்தில் 2003இல், அப்போதைய சென்னை மாநகராட்சி ஆணையர் எம். பி. விஜயகுமார் இம்முறையை 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கினார். பின்னர் அது மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும், அவர் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநரான பின் 2007–08இல் மாநிலத்தின் 37,000க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கும் விரிந்தது. ‘செயல்வழிக் கற்றல்’ என்னும் பெயரோடு பிள்ளைகளின் உயரத்தில் அமைந்த கரும்பலகையும், படைப்புகளைத் தொங்கவிடும் கம்பிப் பந்தலும், தரையில் பாயும் வந்தன.

விரிந்தபோது பெற்றது பெரிது. ஆசிரியர் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்தது தமிழ்ச் சமூகத்தில் சிறிய மாற்றமன்று. இழந்ததும் உண்டு. சில அட்டைகள் தொலைந்தால் ஏணி நின்றுவிடும். புதிய அட்டை வரும்வரை காத்திருக்க வேண்டும். பதிவேடுகள் பெருகின. பாடநூல் எங்கே, வீட்டுப்பாடம் எங்கே என்று பெற்றோர் கேட்டனர். யாவற்றினும் முதன்மையானது, பெரும்பாலான ஆசிரியருக்கு அட்டை அச்சிட்டு வந்த பொருளாயிற்று என்பது. திருத்தி எழுதும் உரிமை ஆய்வின் பகுதியாக இருந்த ஒரு முறை, அவ்வுரிமையின்றி அவர்களிடம் சென்று சேர்ந்தது. எழும்பூரிலிருந்து இலண்டனுக்குச் சென்ற முறைக்கு நேர்ந்ததன் சாயலை இங்கும் காண்கிறோம். 2012–13இல் முப்பருவ முறை வந்தபின் செயல்வழிக் கற்றல் எளிமைப்படுத்தப்பட்டது. 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரிக்கிறது. பெயர் புதியது, வயதின்படி அன்றிக் கற்றல் நிலையின்படி கற்பித்தல் என்னும் கருத்து ஏணியில் இருந்ததே.

அறிக்கை மட்டும் போதுமா?

நிலைவாரிக் கற்பித்தலுக்கு வலுவான சான்றுகள் உள்ளன. மும்பையிலும் வதோதராவிலும் ‘பாலசகி’ திட்டத்தில், பின்தங்கிய பிள்ளைகளுக்கு அவர்கள் நிலையிலிருந்தே கற்பித்தபோது, இரண்டாம் ஆண்டில் பள்ளிகளின் சராசரி மதிப்பெண் 0.28 திட்ட விலக்க அளவு உயர்ந்தது என்று பானர்ஜி, கோல், டுப்ளோ, லிண்டன் ஆகியோர் 2007இல் வெளியிட்டனர். ஆயின் சான்று இருப்பதும் அது வகுப்பறையில் பயன்படுவதும் வெவ்வேறு. இதனைத் தெளிவாக்கியது பிரிக்கப்படாத ஆந்திரப் பிரதேசத்தில் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் நடத்திய ஆய்வு.

அவர்கள் சமவாய்ப்பு முறையில் தெரிவு செய்த ஊரகத் தொடக்கப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு, ஒவ்வொரு பிள்ளையும் எப்பகுதியில் பின்தங்கியுள்ளது என்ற விரிவான கண்டறி அறிக்கையை அளித்தனர். அதனைப் பயன்படுத்தும் வழியும் விளக்கப்பட்டது. பார்வையாளர் இருக்கும்போது அவ்வாசிரியர்கள் கூடுதல் ஈடுபாட்டோடு கற்பித்தனர். ஆண்டிறுதித் தேர்வில் அப்பிள்ளைகள் பிற பள்ளிப் பிள்ளைகளைவிட மேம்பட்டிருக்கவில்லை. பிள்ளைகளின் முன்னேற்றத்தோடு இணைந்த ஊக்கத்தொகை பெற்ற பள்ளிகளிலோ, ஈராண்டுகளில் கணக்கில் 0.27, மொழியில் 0.17 திட்ட விலக்க அளவு உயர்வு காணப்பட்டது. அப்பள்ளிகளும் அதே அறிக்கையைப் பெற்றவையே. அங்கு அறிக்கை பயனுடையது என்று ஆசிரியர் கூறியதற்கும் பிள்ளைகளின் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு இருந்தது. அறிக்கை மட்டும் பெற்ற பள்ளிகளில் அத்தொடர்பு இல்லை.

ஊக்கத்தொகையே தீர்வு என்று இதிலிருந்து முடிவுகட்டுவது அவசரம். ரிஷி பள்ளத்தாக்கின் துணைப் பள்ளிகளும் ஹெக்கடதேவனகோட்டை ஆசிரியர்களும் பணத்தால் இயங்கியவர்கள் அல்லர். ஆயினும் ஒன்று உறுதியாகிறது: செய்தியைத் தருவதனால் மட்டும் ஆய்வு பயன்படுவதில்லை. ஆசிரியர் அதனை எடுத்துக் கையாள ஒரு காரணமும், கையாளத்தக்க ஒரு வடிவமும் வேண்டும். காரணம் பணமாகவும் இருக்கலாம். தாமே உருவாக்கினோம் என்னும் உரிமையாகவும் இருக்கலாம்.

நமக்குரியது

‘கல்விசார் பயன்பாடுகள்’ எழுதுமுன் ஆய்வு மாணவர்கள் தமக்குத் தாமே கேட்க வேண்டியவை மூன்று. என் முடிவை ஓராசிரியர் பள்ளியின் ஆசிரியர் திங்கட்கிழமை காலையில் எந்தப் பொருளாகக் கையில் எடுப்பார்? அதைச் செய்ய அவர் இப்போது செய்யும் எந்தப் பணியை விட வேண்டியிருக்கும்? அது அவர் வகுப்புக்குப் பொருந்தாவிடில் மாற்றிக்கொள்ள அவருக்கு இடமுண்டா? இவற்றுக்கு விடையில்லாத பரிந்துரை தேர்வாளருக்காக எழுதப்பட்டதே.

மற்றொரு பணியும் காத்திருக்கிறது. செயல்வழிக் கற்றல் அட்டைகளை முதன்முதலில் கையாண்ட தலைமுறை ஆசிரியர்கள் பணி ஓய்வு பெற்று வருகின்றனர். எந்த அட்டை பயன்பட்டது, எதனை ஒதுக்கி வைத்தனர், தொலைந்த அட்டைக்கு மாற்றாக எதைச் செய்தனர், வீட்டில் தெலுங்கோ உருதோ பேசும் பிள்ளைக்கு எதனை மாற்றிச் சொன்னார்கள் என்பவை அவர்கள் நினைவில்தான் உள்ளன. ஜான் பிரிஸ்கனின் பெயர் நமக்குத் தெரிகிறது. பெல் கடந்து சென்ற திண்ணையில் இருந்த ஆசிரியரின் பெயர் தெரியவில்லை. சித்தூர், திருப்பதி, வேலூர், திருவள்ளூர் மாவட்டங்களில் கல்வியியல் பயிலும் மாணவர்கள், தம் ஊர்ப் பள்ளியில் ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியரையேனும் சந்தித்து அவர் சொல்வதை அவர் பெயரோடு எழுதி வைத்தால், அடுத்த திட்டம் வரும்போது அதனை வடிவமைப்போர் முதலில் படிக்க வேண்டிய ஆவணம் அதுவாக இருக்கும்.