கரைக்கு மண் சுமந்தவர்கள்: குடிமராமத்தில் 'குடி' யார்?

மேட்டூர் அணை திறக்கும் ஜூன் மாதம் நெருங்கினால் திருச்சிப் பக்கத்து இளைஞர்களின் கைபேசிக்கு அழைப்புகள் வந்துவிடும். வாய்க்கால் தூர்வார வாருங்கள், கரையைச் சீர்செய்ய வாருங்கள், தன்னார்வலர்கள் தேவை, கையுறையும் மதிய உணவும் தரப்படும். நம் தோழர்கள் பலர் போகிறார்கள். போகட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் மண்வெட்டியைக் கையில் எடுக்கும் முன் அந்தக் கரையின் வரலாறு கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் 'தன்னார்வம்' நேற்று வந்த சொல். அந்த வேலைக்கு நம் பாட்டன் காலத்தில் இருந்த சொல் வேறு.

அந்தச் சொல் 'வெட்டி'. இன்று பயனில்லாமல் சுற்றுகிறவனை "வெட்டியாய்த் திரிகிறான்" என்கிறோம். சோழர் கல்வெட்டுகளில் வெட்டி என்றால் கூலியில்லாமல் செய்தே தீர வேண்டிய உழைப்பு. அமஞ்சி என்பதும் அதே குடும்பத்துச் சொல்தான். பிராமணர்களுக்கும் கோயில்களுக்கும் நிலம் கொடுக்கும்போது எந்தெந்தச் சுமைகள் அந்த நிலத்துக்குக் கிடையாது என்று அரசன் பட்டியல் போடுவான். அந்தப் பட்டியலில் வெட்டியும் அமஞ்சியும் அடிக்கடி வரும். ஒருவருக்கு விலக்கு என்றால் அந்த வேலை நின்றுபோனதாகப் பொருள் இல்லை. கரை தானாக உயராது, வாய்க்கால் தானாகத் தூர்ந்து திறக்காது. விலக்குப் பெறாதவர் தோளில் அது ஏறிக்கொண்டது. கூலியில்லா உழைப்புக்கு இருந்த பெயரே பிறகு பயனற்ற வேலைக்குப் பெயராகிவிட்டது. வெட்டியான் என்ற ஊழியப் பெயர் ஒரு சமூகத்தின் மீது வசைபோல ஒட்டிக்கொண்டது. மொழியும் சாதி பார்க்கும், தோழர்களே.

இடம் தெரியாதவர்களுக்கு: திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி, நடுவில் தீவாகத் திருவரங்கம். முக்கொம்பின் மேலணை ஆர்தர் காட்டன் 1830களில் கட்டியது. அதற்கு முன்பும் பின்பும் இந்தத் தீவையும் இரு பக்க வயல்களையும் காத்தவை கரைகள்தான். கரை என்றால் வெறும் மண்மேடு அல்ல. அதன் மேல் வண்டி போகும் தடமும் உண்டு. அந்தத் தடத்தை ஆண்டுதோறும் மண் போட்டு மேடாக்க வேண்டும். வெள்ளக் காலத்தில் இரவெல்லாம் அதன் மீது நடந்து காவல் காக்க வேண்டும். நண்டு வளையிலோ எலி வளையிலோ நீர் கசியத் தொடங்கினால் விடிவதற்குள் கரை உடைந்துவிடும். கசிவு கண்ட இடத்தில் மூங்கில் முளை அடித்து, வைக்கோலும் மண்ணும் திணித்து அடைக்க வேண்டும். பராமரிப்பு, ரோந்து என்று இன்று சொல்லும் இரண்டு வேலைகளும் இதுதான்.

உறையூரை ஆண்ட கரிகாலன் காவிரிக்குக் கரை கட்டினான் என்று பள்ளியில் படித்தோம். யார் கையால் கட்டினான்? இலங்கையின் ராஜாவலிய என்ற சிங்கள நூல், காவிரி வேலைக்காகச் சோழ மன்னன் 12,000 பேரைச் சிறைபிடித்துப் போனதாகவும் கஜபாகு மன்னன் வந்து மீட்டுப் போனதாகவும் கதை சொல்கிறது. ஆந்திரத்தில் கரிகாலன் வழியினர் என்று சொல்லிக்கொண்ட தெலுங்குச் சோழர்களின் சாசனங்கள், தோற்ற அரசர்களையே மண் சுமக்க வைத்தான் என்று பெருமை பேசுகின்றன. இரண்டும் பிற்காலத்தவை, நடந்தது நடந்தபடி என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் கவனியுங்கள்: கரை கட்டிய புகழைப் பாடுகிறவர்களுக்கும், அதை இழிவாக நினைவு வைத்திருப்பவர்களுக்கும் ஒரு விஷயத்தில் மாறுபாடே இல்லை. மண் சுமந்தவர்கள் விரும்பி வரவில்லை.

இதைவிடக் கூர்மையான கதை மதுரையில் இருக்கிறது. பிட்டுக்கு மண் சுமந்த கதை. வைகையில் வெள்ளம். வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் உத்தரவு போடுகிறான். பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்தி என்ற கிழவிக்கு அனுப்ப ஆள் இல்லை. சிவன் கூலியாளாக வருகிறார், உதிர்ந்த பிட்டைக் கூலியாக வாங்கிக்கொள்கிறார், வேலை செய்யாமல் தூங்குகிறார், பிரம்படி படுகிறார். அந்த அடி எல்லோர் முதுகிலும் விழுகிறது. பக்தர்கள் இதில் கடவுளின் கருணையைப் பார்க்கட்டும். எனக்கு இதில் தெரிவது ஒரு நிர்வாக முறை. வீட்டுக்கு ஓர் ஆள் என்ற கணக்கு, அளந்து விட்ட பங்கு, பங்கை முடிக்காதவனுக்குப் பிரம்படி. ஆதரவற்ற கிழவிக்குக்கூட விலக்கு இல்லை. கதை சொன்னவர்களுக்கு இதெல்லாம் விளக்கம் தேவைப்படாத அன்றாட நடைமுறையாக இருந்திருக்கிறது. அடி எல்லோர் மேலும் விழுந்தது கதையில்தான். கரையில் அது குறிப்பிட்ட சிலர் முதுகில் மட்டுமே விழுந்தது.

இனி சட்டத்துக்கு வருவோம். 1819இல் சென்னை வருவாய் வாரியம் அடிமை முறை பற்றிக் கலெக்டர்களிடம் அறிக்கை கேட்டபோது, திருச்சிராப்பள்ளியிலிருந்து போன பதிலில் நஞ்சைப் பகுதியின் பள்ளர்கள்தான் அடிமைகளாகக் குறிக்கப்பட்டார்கள். (இன்று சட்டப்படி தேவேந்திரகுல வேளாளர். அந்தப் பெயர் மாற்றப் போராட்டமும் இந்த வரலாற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டியதே.) மடையைத் திறந்து அடைக்கும் மடைக்குடும்பனும் அந்தச் சமூகத்தவர்தான். நீரின் கணக்கு அவருக்குத் தெரியும், நீர் போகும் நிலம் அவருடையது அல்ல. 1843இல் அடிமை முறைக்குச் சட்ட அங்கீகாரம் இல்லை என்று கம்பெனி அரசு அறிவித்தது. சரியாக 15 ஆண்டுகள் கழித்து, 1858இன் முதல் சட்டமாக, சென்னை மாகாணத்துக்கென்றே கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது.

இந்தச் சட்டத்தை நம் மாணவர்கள் ஒருமுறையாவது எடுத்துப் படிக்க வேண்டும், சின்னச் சட்டம்தான். கரை உடையும் ஆபத்து வந்தால் அதிகாரி ஊர்த் தலைவரிடம் சொல்வார். ஊர்த் தலைவர், உழைக்கும் வகுப்புகளைச் சேர்ந்த திடகாத்திரமான ஆண்களை எல்லாம் வேலைக்கு அழைப்பார். வர மறுத்தால் தண்டனை. ஊரில் உள்ள எல்லா ஆண்களும் என்று சொல்லவில்லை. உழைக்கும் வகுப்பினர் என்று வடிகட்டிச் சொன்னது. வெள்ளத்தில் அதிகம் இழக்கப் போவது நிலம் வைத்திருந்த மிராசுதார். உடையப் போகும் கரை மேல் இரவில் நிற்க வேண்டியவர் நிலமற்றவர். சாதியின் பெயரை ஓர் இடத்தில்கூட எழுதாமலேயே சாதிச் சட்டம் எழுத முடியும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. அழைக்கிறவர் யார் என்பதையும் பாருங்கள். அதிகாரி சேரிக்கு நேரடியாக வரவில்லை, ஊர்த் தலைவர் வழியாக வந்தார். யாரைக் கூப்பிடுவது, யாரை விடுவது என்பதை ஊர் தீர்மானித்தது.

வெள்ள வேலைக்காவது கூலி உண்டு என்றது சட்டம். அதே சட்டத்தின் ஆறாம் பிரிவு வழக்கமான பராமரிப்பு வேலையைப் பற்றியது. வழக்கப்படி ஊர் கூடிச் செய்யும் பாசன வேலைக்கு வரக் கடமைப்பட்டவர் வராவிட்டால், அவர் தர வேண்டிய உழைப்பின் மதிப்பைப் போல் இரு மடங்கு கட்ட வேண்டும். இதைத்தான் குடிமராமத்து என்றார்கள். கடமை நிலம் வைத்திருந்த குடிக்கு. ஆனால் மண்வெட்டி பிடித்தது மிராசுதாரா? அவர் தன் பங்குக்குப் பண்ணையாளை அனுப்பினால் போதும். கணக்கில் குடி வந்ததாகப் பதிவாகும், கரையில் பண்ணையாள் நிற்பார்.

மானுடவியலாளர் டேவிட் மோஸ் தென் தமிழகத்து ஏரிகளைப் பற்றிய தம் நூலில் (2003) இன்னொரு உண்மையை எடுத்து வைக்கிறார். ஊர் தானாகக் கூடி நீர்நிலையைக் காத்துவந்தது என்ற பழம்பெருமைச் சித்திரத்தின் பெரும்பகுதி, பராமரிப்புச் செலவைத் தன் தலையிலிருந்து இறக்கிவைக்க விரும்பிய காலனி நிர்வாகம் உருவாக்கியது என்பது அவர் வாதம். எனக்கு அதில் பெருமளவு உடன்பாடு. ஒன்றைச் சேர்த்துக்கொள்வேன்: ஊர் கூடியது உண்மைதான், ஊரோடு சேரி கூட்டப்பட்டது.

பெருமை பேசுகிறவர்கள் உடனே உத்திரமேரூரைக் காட்டுவார்கள். முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், ஏரி வாரியம், குடவோலை. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஜனநாயகம் என்று பாடநூல் சொல்கிறது. ஏரி வாரியத்தில் இடம்பெறத் தகுதி என்ன என்பதை அதே கல்வெட்டில் படியுங்கள். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேத அறிவு. அந்த ஏரியில் இறங்கி மண் எடுத்தவர் பெயர் குடவோலைக்குள் போகவே முடியாது.

இப்போது 2017. மார்ச் மாதம் மணிமங்கலம் ஏரியில் தமிழக அரசு குடிமராமத்துத் திட்டத்தை மீண்டும் தொடங்கியது. முதல் கட்டமாக 100 கோடி ரூபாய், 1,519 பணிகள். ஆயக்கட்டு விவசாயிகள் சங்கங்கள் மூலம் வேலை. பத்து விழுக்காடு பங்களிப்பைப் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ பயனாளிகள் தர வேண்டும். பல ஏரிகள் ஆழமாயின, மறுக்கவில்லை. ஆனால் ஆயக்கட்டுதாரர் என்றால் யார்? 2000ஆம் ஆண்டின் விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம் நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தின் உறுப்புரிமையை நில உரிமையோடுதான் கட்டிவைத்திருக்கிறது. அதாவது கால் வேலி விதியின் பேரன். அந்த ஏரியில் ஆடு மாடு குளிப்பாட்டுகிற, மீன் பிடிக்கிற, கோரை அறுக்கிற, அந்த ஆயக்கட்டு வயலில் நாற்று நடுகிற நிலமற்ற குடும்பம் உறுப்பினர் அல்ல. உழைப்பாகத் தரலாம் என்ற அந்தப் பத்து விழுக்காடு யாருடைய உழைப்பு என்று கேட்க அந்தச் சங்கத்துக்குள் ஆள் இல்லை.

தன்னார்வம் என்பதே மோசடி என்று சொல்ல வரவில்லை. உண்மையான தன்னார்வத்தை ஒரு சட்டம் எப்படி நடத்துகிறது என்பதற்கு அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே தேசியக் காடுகளில் மோட்டார் பைக், ஜீப் ஓடும் மண் தடங்கள் இருக்கின்றன. விழுந்த மரத்தை அகற்றவும், அரித்த பாதையைச் சீராக்கவும், ரோந்து போகவும் பலர் ஓய்வு நேரத்தைக் கொடுக்கிறார்கள். பெரும்பாலும் அந்தத் தடத்தில் தாங்களே வண்டி ஓட்டி மகிழ்கிறவர்கள். 1972இல் வந்த ஒரு சட்டம் இவர்களுக்குச் சம்பளம் தருவதில்லை. ஆனால் வேலையில் அடிபட்டால் அரசு ஊழியருக்கு உள்ள அதே இழப்பீட்டுப் பாதுகாப்பைத் தருகிறது. வர மறுத்தால் யாரும் அபராதம் போட மாட்டார்கள். தடத்தைப் பயன்படுத்துகிறவர், பராமரிப்பவர் இருவரும் ஒருவரே, விலகிப் போகும் உரிமை உண்டு, அடிபட்டால் கைவிடப்படுவதில்லை. இந்த மூன்றில் ஒன்றாவது கொள்ளிடக் கரையில் இரவு நின்றவருக்கு இருந்ததா?

நம் அரசியல் சட்டம் இதை யோசிக்காமல் இல்லை. 23ஆம் பிரிவு வெட்டி வேலையையும் கட்டாய உழைப்பையும் தடை செய்கிறது. பொதுநலனுக்காக அரசு கட்டாயச் சேவை கேட்கலாம் என்று இரண்டாம் உட்பிரிவு அனுமதிக்கிறது. ஆனால் மதம், இனம், சாதி, வகுப்பு பார்த்து அதைச் சுமத்தக் கூடாது என்று உடனே கட்டுகிறது. 'வகுப்பு' என்ற அந்த ஒரு சொல்லை 1858 சட்டத்தின் 'உழைக்கும் வகுப்புகள்' பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பரம்பரை ஊழியம் என்றால் என்னவென்று அம்பேத்கருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. மகர் வதன் முறையைத் திருத்த 1928இலேயே பம்பாய் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தவர் அவர். 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னொரு படி போனது: குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்கினால் அதுவும் கட்டாய உழைப்பே, வறுமை தள்ளி ஒப்புக்கொண்டிருந்தாலும். நூறு நாள் வேலைத் திட்டம் வந்தபோது கிராமத்து ஆண்டைகள் ஏன் அப்படிக் கொதித்தார்கள் என்பது இந்த இடத்தில் புரியும். அதே வாய்க்கால், அதே மண், ஆனால் கூலி அரசு நிர்ணயித்தது.

2018 ஆகஸ்ட் 22 அன்று முக்கொம்பு மேலணையின் 9 மதகுகள் கொள்ளிட வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. பொறியாளர்களையும் ஒப்பந்தக்காரர்களையும் பற்றி நிறைய எழுதினார்கள். ஆற்றுக்குள் மணல் மூட்டை அடுக்கிய கைகளைப் பற்றி யார் எழுதினார்கள்?

நகரத்துக்குள் வாருங்கள். உய்யக்கொண்டான் வாய்க்கால் இன்று திருச்சியின் சாக்கடையையும் சேர்த்துச் சுமக்கிறது. இத்தகைய வாய்க்கால்களில் தூய்மை முகாம் நடக்கும் நாளில் காலை எட்டு மணிக்குப் பதாகை, கையுறை, படம். பதினொரு மணிக்கு மேல் கரையில் குவிந்த கழிவை வாரி வண்டியில் ஏற்றுவது ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள். படத்தில் அவர்கள் இருக்க மாட்டார்கள், பலருக்குக் கையுறையும் இருக்காது. கழிவுநீர் ஓடும் இடத்தில் பாதுகாப்புக் கருவியின்றி ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முகாமுக்குப் போகிற நீங்கள் அங்கே நிற்கிறீர்கள், அதைப் பார்க்கிறீர்கள் என்பதே ஒரு வாய்ப்பு.

அடுத்த அழைப்பு வரும்போது போவதற்கு முன் இரண்டு தாள்களைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று, அந்த வாய்க்காலின் பாசன சங்க உறுப்பினர் பட்டியல். இரண்டு, அந்த வேலைக்கு அரசு ஒதுக்கிய தொகையும் கூலிப் பட்டியலும். வாயால் கேட்டுக் கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனு போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். பட்டியல் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு சேரிக்குப் போய், இதில் உங்கள் பெயர் எத்தனை இருக்கிறது என்று வாசித்துக் காட்டுங்கள்.