சாகசம் என்னும் பழைய குற்றம்

பெங்களூரு யெலகங்காவில் விமானக் கண்காட்சி நடைபெறும்போதெல்லாம் தமிழ் நாளிதழ்களில் 'வான் சாகசம்' என்னும் தொடரைக் காண்கிறோம். இச்சொல்லின் கடந்தகாலம் அவ்வளவு மேன்மையானதன்று. வடமொழித் தர்ம சாத்திரங்களில் 'சாஹச' என்பது வன்முறைக் குற்றம். மனுநூல் வகுக்கும் பதினெட்டு வழக்குவகைகளுள் ஒன்று. (தமிழில் பாசாங்கு என்றும் பொருள்படும், 'சாகசக்காரி' என்னும் வசையை நினைவுகூர்க.)

விமானக் கரணங்களின் வரலாறும் ஒரு குற்றத்திலிருந்தே தொடங்குகிறது. 1913 செப்டம்பர் 9 அன்று, கீவ் நகருக்கு அருகே, ரஷ்யப் படை அதிகாரி பியோத்தர் நெஸ்தெரொவ் தம் நியூபோர் விமானத்தை மேல்நோக்கி வளைத்து, தலைகீழாகக் கடந்து, செங்குத்தான முழுவட்டம் ஒன்றைச் சுற்றி இறங்கினார். உலகில் அதுவே முதன்முறை. போதிய வேகம் இருப்பின் வட்டத்தின் உச்சியிலும் விமானி இருக்கையோடு அழுத்தப்பட்டே இருப்பார், விழமாட்டார். அரசுடைமையை ஆபத்துக்குள்ளாக்கினார் என்று அவருக்குப் பத்து நாள் காவல் விதிக்கப்பட்டது. பன்னிரண்டு நாள் கழித்து பிரான்சில் அடோல்ப் பெகூ அதே வட்டத்தைச் சுற்றிப் பெரும்புகழ் எய்தினார். அதன் பிறகே நெஸ்தெரொவுக்குப் பதவி உயர்வும் பதக்கமும் வந்தன.

அந்தத் தண்டனையில் ஆபத்துக்குள்ளானதாகக் கருதப்பட்டது விமானம்தான். கீழே நிற்போர் விதிகளில் அழுத்தமாக இடம்பெற ஒரு பேரிழப்பு வேண்டியிருந்தது. 1952 செப்டம்பர் 6 அன்று இங்கிலாந்தின் பார்ன்பரோ கண்காட்சியில் டி ஹாவிலண்ட் 110 விமானம் வானிலேயே சிதறியது. அதன் பாகங்கள் கூட்டத்தில் விழுந்து பார்வையாளர் 29 பேர் மாண்டனர். விமானத்தில் இருந்த இருவரும் பிழைக்கவில்லை. அதன்பின், நேராகப் பறக்கும் ஜெட் கூட்டத்திலிருந்து குறைந்தது 230 கெஜமும், கரணமடிக்கும் ஜெட் 450 கெஜமும் விலகியிருக்க வேண்டும் என்றாயிற்று.

திடலுக்குள் நிற்போருக்கான காப்பு அது. வெளியே இருப்போர்?

2015 ஆகஸ்டு 22 அன்று இங்கிலாந்தின் ஷோரம் கண்காட்சியில் பழைய ஹாக்கர் ஹன்டர் ஒன்று நெஸ்தெரொவின் வட்டத்திலிருந்து கிளைத்த கரணமொன்றைத் தொடங்கியது. உச்சியில் குறைந்தது 3,500 அடி உயரம் வேண்டும். எட்டியது ஏறத்தாழ 2,700. விமானம் திடலுக்கு வெளியே நெடுஞ்சாலையில் விழுந்தது. சாலையில் இருந்த 11 பேர் இறந்தனர். விமானி உயிர் பிழைத்தார்.

சொல்லின் பழைய பொருள் இப்போது நீதிமன்றம் ஏறியது. 2019இல் நடுவர்குழு விமானியைக் குற்றமற்றவர் என விடுவித்தது. 2022இல் இறப்பு விசாரணை அதிகாரி, அந்தப் பதினொருவரும் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டனர் என்று முடிவு கூறினார். முரண்போலத் தோன்றினும், பின்னதற்குக் கோரப்படும் சான்றின் அளவு குறைவு.