ஆடியில் பிறந்து மார்கழியில் வீடு சேரும் காலண்டர்

ஆடிப் பதினெட்டு அன்றே சிவகாசியில் அடுத்த ஆண்டு பிறந்துவிடும். புது காலண்டர் ஆல்பத்தைப் பூஜை போட்டு வெளியிடும் நாள் அது. மற்ற ஊர்க்காரர்கள் ஆற்றங்கரையில் சித்ரான்னத்தைப் பிரித்துக்கொண்டிருக்க, இங்கே முருகனும் மீனாட்சியும் கொழுகொழு குழந்தையும் பனிமலையும் வரிசையாக ஆல்பத்துக்குள் ஏறுவார்கள்.

சிவகாசிக்கு இந்தத் தொழில் நேரே வந்து சேரவில்லை. மழை குறைந்த வறண்ட ஊர். 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். தீப்பெட்டி என்றால் லேபிள் வேண்டும். லேபிள் என்றால் அச்சகம் வேண்டும். பின்னால் பட்டாசுப் பெட்டிக்கும் படம் வேண்டியிருந்தது. வாங்கிப் போட்ட இயந்திரத்தைச் சும்மா வைத்திருக்க எந்த முதலாளிக்கு மனம் வரும்? காலண்டர், டைரி, நோட்டு என்று வேலை பெருகியது.

ஆவணி, புரட்டாசியில் ஏஜெண்டுகள் ஆல்பத்தோடு கிளம்புகிறார்கள். திருமங்கலம் வழியாக உசிலம்பட்டிக் கடைவீதிக்கு வந்தால் நகைக்கடை, உரக்கடை, ஜவுளிக்கடை, அடகுக்கடை என்று ஒன்றுவிடாமல் ஏறி இறங்குவார்கள். "போன வருசம் அட்டை வளைஞ்சு போச்சேப்பா" என்பார் கடைக்காரர். "இந்த வருசம் கெட்டி அட்டைண்ணே, நீங்க படத்தைப் பாருங்க" என்று பக்கத்தைப் புரட்டுவார் ஏஜெண்ட். எந்தச் சாமி என்பதில் வீட்டுக்காரம்மாவுக்கும் ஒரு ஓட்டு உண்டு. படம் முடிவானதும் கடைப் பெயரும் செல் நம்பரும் எழுதிக் கொடுத்து முன்பணம் கைமாறும்.

அதன்பிறகு அச்சகத்தில் இரவு பகல் தெரியாது. தேதித் தாள்களை அச்சிட்டு, வெட்டி, வரிசை பிசகாமல் அடுக்கி, தலைமாட்டில் தகரப் பட்டை வைத்து இறுக்கி, அட்டையில் பொருத்த வேண்டும். நடுவில் ஒரு தாள் இடம் மாறினால் ஒரு வீட்டில் வியாழனுக்குப் பிறகு சனி வந்துவிடும். சிவப்பு மையில் விழும் அரசு விடுமுறைகளுக்காக ஆண்டுக் கடைசியில் வரும் அறிவிப்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். திதி, நட்சத்திரம், சந்திராஷ்டமம், நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், குளிகை, பன்னிரண்டு ராசிக்கும் ஒரு சொல்லில் பலன், அடியில் ஒரு பொன்மொழி. உள்ளங்கை அகலத் தாளில் இவ்வளவையும் அடக்குகிறவரைப் பத்திரிகை லேஅவுட் கலைஞர்கள் ஒருமுறை போய்ப் பார்த்துவரலாம்.

மார்கழியில் மூட்டைகள் உசிலம்பட்டியில் இறங்குகின்றன. கடைக்காரர் கல்லாவுக்கு அடியிலிருந்து எடுத்து நீட்டினால் அவர் கணக்கில் நாம் இன்னும் நல்ல வாடிக்கையாளர் என்று பொருள். "தீந்துபோச்சே மாப்ள" என்றால் பழைய பாக்கியை யோசித்துப் பார்க்க வேண்டியதுதான்.

கோட்டாட்சியர் அலுவலகமோ, பள்ளி ஆசிரியர் அறையோ, கூட்டுறவுச் சங்கமோ, காலண்டர் ஆணியில் தொங்காத இடமில்லை. அங்கே பெரும்பாலும் காலையில் ஒருவர் கிழிப்பார், இன்னொருவர் ராசிபலன் படிப்பார், அதோடு சரி. இந்தப் பொருள் இவ்வளவு தூரம் வந்தும் வாழ்க்கையில் பாதிதான் வாழ்கிறது என்பது என் எண்ணம். வேலைக்குப் போகிறவருக்கு இதைவிட மலிவான, நேர்மையான மேற்பார்வையாளர் கிடைக்கமாட்டார். செல்போனில் போட்ட வேலையை விரல் நுனியால் நாளைக்குத் தள்ளலாம், நாளை மறுநாளைக்கும் தள்ளலாம். அது முகம் சுளிக்காது. சுவரில் இருப்பதைக் கிழித்தே ஆக வேண்டும். கிழிக்காமல் விட்ட மூன்று நாளும் வருகிறவர் போகிறவர் கண்ணில் படும்.

ராகு காலத்தையே எடுத்துக்கொள்வோம். திங்கள் ஏழரை முதல் ஒன்பது, செவ்வாய் மூன்று முதல் நாலரை, புதன் பன்னிரண்டு முதல் ஒன்றரை, வியாழன் ஒன்றரை முதல் மூன்று, வெள்ளி பத்தரை முதல் பன்னிரண்டு. நம்புகிறவர், நம்பாதவர் என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. புதிதாக எதையும் தொடங்கக்கூடாது என்பதுதானே விதி? பழசை முடிக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. பாதியில் நிற்கும் கோப்பு, பதில் போடாத கடிதம், திருத்தாத விடைத்தாள் கட்டு ஆகியவற்றுக்கு அந்த ஒன்றரை மணி நேரத்தை ஒதுக்கினால் போதும். வாரம் முழுவதும் நாளுக்கொரு நேரத்தில் வருவதால் சலிப்பும் தட்டாது. அந்த நேரத்தில் புதிய வேலையோடு வந்து நிற்கிற ஆளும் குறைவு.

அச்சடிக்கிறவரே நாட்களை வைத்துத் தன்னை மேற்பார்வை பார்த்துக்கொண்ட கதை அமெரிக்காவில் உண்டு. பிலடெல்பியாவில் அச்சகம் வைத்திருந்த பெஞ்சமின் பிராங்க்ளின் 1732 முதல் கால் நூற்றாண்டு பஞ்சாங்கம் போட்டு விற்றார். ஆண்டுக்குக் கிட்டத்தட்ட பத்தாயிரம் பிரதி போயிற்றாம். நம் காலண்டர் போலவே அதிலும் இடையிடையே பொன்மொழிகள். ஊருக்குச் சொன்னதோடு நிற்காமல் தனக்கென்று ஒரு சின்ன நோட்டில் வாரத்தின் ஏழு நாட்களுக்கும் கட்டம் கிழித்து, பதின்மூன்று நற்குணங்களை எழுதி, தவறிய நாளில் கரும்புள்ளி வைத்தார். அவரை அதிகம் படுத்தியது ஒழுங்கு. காகிதங்களை உரிய இடத்தில் வைக்க அவருக்குக் கடைசிவரை வரவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். மேசை குப்பையாகக் கிடக்கிற அலுவலர்கள் கொஞ்சம் ஆறுதல் கொள்ளலாம்.

கிழித்த தாளுக்கும் ஒரு வாழ்க்கை இருக்கிறது. பின்பக்கம் வெறுமையாக வரும் காலண்டரானால் அதில் அன்றைக்கு முடிக்க வேண்டிய வேலைகளை எழுதிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். இடம் சின்னது என்பதால் பேராசைக்கு வழியில்லை. மூன்று, நான்குக்கு மேல் எழுதினால் எழுத்தே விளங்காது. மாலையில் அடிக்க வேண்டியதை அடித்துவிட்டு, கடைக்காரர் பில் குத்துகிற கம்பியைப் போல ஒன்று வாங்கி அதில் குத்தி வைத்தால், மாதக் கடைசியில் நேரம் எங்கே போனது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அடுத்த ஆணியில் தொங்கும் மாதக் காலண்டர் இன்னும் உழைப்பாளி. பால் கணக்கும், சிலிண்டர் மாற்றிய நாளும், அடகுக்கு வட்டி கட்டும் தேதியும், சொந்தக்காரர் வீட்டு விசேஷமும் நம் வீடுகளில் ஏற்கெனவே அதில்தான் ஏறுகின்றன. அதே கட்டத்தில் படித்த நாளுக்கும் ஒரு குறி போடலாமே. அரசு ஊழியர்களுக்கான துறைத் தேர்வுகளைத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் ஆண்டுக்கு இருமுறை, மே மாதமும் டிசம்பரிலும் நடத்துகிறது. தகுதிகாண் பருவமும் பதவி உயர்வும் அதில் மாட்டிக்கொண்டிருப்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் விண்ணப்பித்துவிட்டுக் கடைசி வாரத்தில் புத்தகத்தைத் தேடுகிறவர்கள்தான் அதிகம். இரவு சாப்பாட்டுக்குப் பின் அரைமணி நேரம் படித்து, படித்த நாளில் கட்டத்தில் ஒரு கோடு இழுத்தால் ஜனவரியிலிருந்து மே வரை எத்தனை கோடு என்று சுவரே சொல்லும். பிள்ளைகளும் எண்ணிப் பார்ப்பார்கள். அதைவிடக் கடுமையான தணிக்கை கிடையாது.

எத்தனை நாளில் பழக்கம் ஊன்றும் என்பதை லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துப் பார்த்தார்கள். 2010-ல் முடிவு அச்சானது. ஊரில் சொல்கிற 21 நாள் கணக்கெல்லாம் அங்கே நிற்கவில்லை. சராசரியாக 66 நாள் ஆயிற்று. ஆளையும் பழக்கத்தையும் பொறுத்து 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆகும் என்று கணக்கு வந்தது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய நட்டம் எதுவும் இல்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. ஆகவே தை பிறந்து பத்து நாளில் கோடு ஒன்று விட்டுப்போனால் காலண்டரைத் திருப்பிப் போடாதீர்கள். அந்தத் தாளையும் கிழித்துவிட்டு மறுநாள் கட்டத்தில் கோட்டைப் போடுங்கள்.